சில்லுக்குள் ஒரு பாட்டை: காத்திருப்பது யார்?

சலவை இயந்திரம், மின்மானி, மோட்டார் வாகனத்தின் பிரேக் தொகுதி, வைத்தியசாலையில் நோயாளியின் நாளத்தினுள் மருந்தை அளந்து செலுத்தும் பம்பி ஆகிய யாவற்றினுள்ளும் விரல் நகத்திலும் சிறிய சில்லொன்று இருந்து இன்று கட்டளையிடுகின்றது. நுண்கட்டுப்படுத்தி எனப்படும் இச்சில்லை விற்போர் அதன் வேகத்தை மெகா ஹேர்ட்ஸ் கணக்கிலேயே கூறுகின்றனர். வாங்குவோரும் அதனையே கேட்டுப் பழகிவிட்டனர். 72 மெகா ஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனில் 7 கோடியே 20 இலட்சம் துடிப்புகள். இந்த எண் பொய்யன்று. ஆயினும் அத்துடிப்புகளில் எத்தனை வேலையில் கழிகின்றன, எத்தனை வெறுமனே காத்திருப்பதில் கழிகின்றன என்பதை அது எமக்குச் சொல்வதில்லை.

அதனைத் தீர்மானிப்பது சில்லினுள்ளே முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் ஏனைய துணைக் கருவிகளையும் இணைத்து ஓடும் கம்பித் தொகுதியாகும். ஆங்கிலத்தில் இதற்குப் பஸ் என்று பெயர். 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் கடைசித் துண்டே வீதியில் ஓடும் பஸ்ஸுக்கும் சில்லினுள் ஓடும் பஸ்ஸுக்கும் பெயராகி நிற்கின்றது. தமிழில் கணினி நூல்கள் இதனைப் பாட்டை என்கின்றன. பொது வழி என்ற பொருள் அதில் தெளிவாக இருப்பதனால் நாமும் அச்சொல்லையே இக்கட்டுரையில் கையாளுகின்றோம். பொது வழி என்றவுடன் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகின்றது. இருவர் ஒரே வேளையில் வந்தால் வழிவிட வேண்டியவர் யார்? பாட்டையை வடிவமைத்தல் என்பது பெரும்பாலும் இக்கேள்விக்கு விடை எழுதுதலேயாகும்.

ஆரம்பத்தில் இக்கேள்வி எழவேயில்லை. 1980ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8051 என்ற நுண்கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். அதனுள் நிகழ்ச்சிநிரலுக்கு 4 கிலோபைட்டும் தரவுக்கு 128 பைட்டும் மாத்திரமே இருந்தன. இக்கட்டுரையின் ஒரு பந்திகூட அந்த 128 பைட்டுக்குள் அடங்காது. அங்கு பாட்டையைக் கோருவது முறைவழியாக்கி ஒன்றே. தனக்கு வேண்டிய முகவரியை அது கம்பிகளில் வைக்கும். அம்முகவரிக்குரிய நினைவகமோ துணைக் கருவியோ விடையளிக்கும். ஆளில்லாத வீதியில் ஒற்றை மாட்டு வண்டி செல்வது போன்ற நிலை அது. போக்குவரத்துப் பொலிஸாருக்கு அங்கே வேலையில்லை.

பின்னர் சில்லினுள் கோருவோரின் தொகை பெருகியது. தொடர்பாடல் கம்பியொன்றின் வழியே வேகமாக வந்து சேரும் ஒவ்வொரு பைட்டையும் முறைவழியாக்கியே எடுத்து நினைவகத்தில் வைப்பதாயின் அதற்கு வேறெந்த வேலையும் ஓடாது. எனவே அச்சுமை காவும் பணிக்கெனத் தனியான ஒரு பகுதி வந்தது. நேரடி நினைவக அணுகி என்று அதனைக் கூறலாம். முறைவழியாக்கியின் கையை எதிர்பாராமல் தானே பாட்டையில் இறங்கித் தரவை இடம்மாற்றும் கூலியாள் அது. யூ.எஸ்.பி., ஈதர்நெட் முதலியவற்றுக்கான பகுதிகளும் அவ்வாறே தாமாகப் பாட்டையைக் கோரத் தொடங்கின. சில சில்லுகளில் முறைவழியாக்கியே இரண்டாகியது. ஒரே வழியில் நால்வர் ஐவர் இறங்க முற்பட்டபோது நடுவர் ஒருவரின் தேவை ஏற்பட்டது.

எமது நாட்டின் ஒற்றைப் புகையிரதப் பாதைகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்த டெப்லட் முறையினை வாசகர்கள் அறிந்திருப்பர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு வேளையில் ஒரு டெப்லட் மட்டுமே வெளியில் எடுக்கப்படலாம். அது கையில் கிடைக்காத சாரதி வண்டியை நகர்த்த முடியாது. சில்லினுள் இருக்கும் நடுவர் சுற்றும் இதே பணியைத்தான் செய்கின்றது. வேறுபாடு என்னவெனில், புகையிரதத்துக்கு அரை மணித்தியாலத் தாமதம் எமக்குப் பழகிப்போன ஒன்று. இங்கோ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குத் தாமதம்கூடச் சில வேளைகளில் பொறுத்துக்கொள்ள முடியாததாகிவிடுகின்றது.

பொது மொழி ஒன்று உருவாகிய கதை

1990களின் நடுப்பகுதி வரை ஒவ்வொரு சில்லு உற்பத்தியாளரும் தத்தமக்கென ஒரு பாட்டையை வகுத்துக்கொண்டனர். ஒரு நிறுவனத்தின் பொறியியலாளர் ஆறு மாதம் பாடுபட்டு உருவாக்கிய துணைக் கருவியை இன்னொரு நிறுவனத்தின் சில்லில் பொருத்துவதாயின் அதன் வாயிற்புறம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இந்நிலையில் பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஏ.ஆர்.எம். நிறுவனம் 1996இல் 'அம்பா' எனும் பாட்டை வரையறையினை வெளியிட்டது. அதனைப் பயன்படுத்துவதற்கு உரிமக் கட்டணம் கேட்கப்படவில்லை.

இதனைத் தரும காரியம் என எண்ணுவதற்கில்லை. அந்நிறுவனம் விற்பது முறைவழியாக்கியின் வடிவமைப்பினை. பிறர் உருவாக்கும் துணைக் கருவிகள் யாவும் அதனோடு இலகுவாகப் பொருந்துமாயின் அதன் விற்பனை பெருகும். வாசலை அகலத் திறந்து வைத்தவன் கடையையும் அங்கேதான் வைத்திருந்தான். எனினும் பயன் எல்லோருக்கும் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. ஐ.பி.எம். நிறுவனம் 1999இல் 'கோர் கனெக்ட்' எனும் போட்டி வரையறையை முன்வைத்தது. காலப்போக்கில் சந்தை அம்பாவின் பக்கமே சாய்ந்தது.

அம்பாவின் முதலாவது வரையறையில் ஒரு குறை இருந்தது. சுற்றுப் பலகையொன்றில் பல சில்லுகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். தன் முறை இல்லாதபோது ஒவ்வொன்றும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடும். இதே பழக்கத்தைச் சில்லின் உள்ளேயும் 1996ஆம் ஆண்டின் வரையறை கொண்டுவந்தது. ஆனால் கண நேரமேனும் இருவர் ஒரே கம்பியைப் பற்றி ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் இழுத்தால் அங்கே மின்னோட்டம் வீணே பாய்கின்றது. அத்துடன் அத்தகைய கம்பியின் நேரக் கணக்கைச் சரிபார்ப்பதும் உற்பத்தியான சில்லைச் சோதிப்பதும் வடிவமைப்பு மென்பொருள்களுக்குச் சிரமமாயின. ஆதலால் 1999இல் வந்த இரண்டாவது வரையறையின் 'ஏ.எச்.பி.' எனும் பாட்டையில் பகிரும் கம்பிகள் கைவிடப்பட்டன. படிப்பதற்கு 32 கம்பிகள், எழுதுவதற்கு வேறு 32 கம்பிகள், இடையில் யாருடைய கம்பியைத் தொடுப்பது எனத் தெரிவு செய்யும் ஆளிகள் என்றாயிற்று. பெயர் பாட்டை என்றிருந்தாலும் இன்று சில்லினுள் இருப்பது உண்மையில் ஆளிகளின் தொகுதியே.

ஏ.எச்.பி. இன்றும் நுண்கட்டுப்படுத்திகளின் முதுகெலும்பாக இருப்பதனால் அது இயங்கும் விதத்தைச் சற்று நின்று நோக்குவது பயனுடையது. முதலாம் துடிப்பில் கோருவோர் முகவரியை வைக்கின்றார். இரண்டாம் துடிப்பில் அம்முகவரிக்குரிய தரவு கைமாறுகின்றது. அதே இரண்டாம் துடிப்பில் அடுத்த கோரிக்கையின் முகவரியும் வைக்கப்பட்டுவிடுகின்றது. தபால் கந்தோரில் முன்னால் நிற்பவருக்கு முத்திரை கொடுக்கும்போதே பின்னால் நிற்பவரின் படிவத்தை எழுதுவினைஞர் வாங்கிப் பார்ப்பதை ஒத்தது இது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கைமாற்றம் நிகழும்.

ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன செய்வது? வழங்குவோர் ஆயத்தமில்லையெனில் அதற்கெனவுள்ள ஒரு கம்பியைத் தாழ்த்திவிடுகின்றார். அது மீண்டும் உயரும்வரை எதுவும் நகராது. இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி உள்ளது. பின்னால் வைக்கப்பட்ட முகவரி வேறொரு விரைவான நினைவகத்துக்கு உரியதாயினும் அதுவும் நிற்கத்தான் வேண்டும். முன்னால் நிற்பவரின் காசோலையில் ஏதோ சிக்கல் என்பதற்காக வெறும் முத்திரை வாங்க வந்தவரும் காத்து நிற்கின்றார். இதனைத் தவிர்க்கும் 'ஏ.எக்ஸ்.ஐ.' எனும் பாட்டை 2003இல் வெளியாகியது. அதில் முகவரிக்கும் தரவுக்கும் விடைக்கும் வெவ்வேறு தடங்கள் உண்டு. பின்னர் கேட்டவருக்கு முன்னர் விடை கிடைக்கவும் வழியுண்டு. கைத்தொலைபேசிகளின் பெரிய சில்லுகளுக்கு அது ஏற்றது. சிறிய நுண்கட்டுப்படுத்திக்கு அதன் கம்பிகளும் ஆளிகளும் பெருஞ்சுமை. 2014இல் அறிமுகமான கோர்ட்டெக்ஸ் எம் 7 போன்ற வலுமிக்க ஒரு சிலவே அச்சுமையை ஏற்றுக்கொண்டன.

கோருவோர், வழங்குவோர் என நாம் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அம்பா ஆவணங்களில் இவ்விரு தரப்பும் நீண்ட காலமாக எஜமான், அடிமை எனும் பொருள்படும் சொற்களாலேயே குறிக்கப்பட்டன. அண்மைய பதிப்புகளில் முகாமையாளர், கீழமைந்தவர் எனப் பொருள்படும் சொற்களாக அவை மாற்றப்பட்டுள்ளன. பழைய கைநூல்களைப் படிக்கும் மாணவர்கள் இரு வகைச் சொற்களையும் எதிர்கொள்ள நேரிடும்.

வேகமான வழியும் மெதுவான வழியும்

இனி மெய்யான ஒரு சில்லினுள் நுழைவோம். எஸ்.ரி. மைக்ரோ இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் 2007இல் ஆரம்பித்த எஸ்.ரி.எம். 32 வரிசையைச் சேர்ந்த எப் 103 என்பது மலிவு காரணமாக உலகெங்கும் மாணவர்களின் மேசைகளில் காணப்படுவதாகும். அதன் உச்ச வேகம் 72 மெகா ஹேர்ட்ஸ். ஆனால் நிகழ்ச்சிநிரல் சேமிக்கப்பட்டிருக்கும் பிளாஷ் நினைவகம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 24 மெகா ஹேர்ட்ஸ் வரை அது காத்திருக்க வைப்பதில்லை. 48 வரை ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு துடிப்பு மேலதிகமாகக் காக்க வைக்கின்றது. 72 வரை இரண்டு துடிப்புகள் காக்க வைக்கின்றது. அதாவது முறைவழியாக்கியை மும்மடங்கு விரைவாக்கினாலும் நினைவகம் அதே இடத்திலேயே நிற்கின்றது. இவ்விடைவெளியை மறைப்பதற்கென அடுத்துவரும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைக்கும் சிறிய தாங்கி ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. கட்டளைகள் வரிசையாக ஓடும்வரை அது கைகொடுக்கும். நிகழ்ச்சிநிரல் வேறிடத்துக்குத் தாவும்போது காத்திருப்பு வெளிப்பட்டுவிடும்.

இதே சில்லில் துணைக் கருவிகள் யாவும் வேகமான பாட்டையில் நேரடியாகத் தொடுக்கப்படவில்லை. 'ஏ.பி.பி.' எனும் எளிய பாட்டைகள் இரண்டு அவற்றுக்கென உள்ளன. ஒன்று 72 மெகா ஹேர்ட்ஸ் வரையும் மற்றையது 36 வரையுமே இயங்கலாம். ஒரு கைமாற்றத்துக்கு இப்பாட்டையில் குறைந்தது இரண்டு துடிப்புகள் தேவை. ஏன் இந்த மந்தம் எனக் கேட்கலாம். விசைப்பலகையின் ஒரு விசை அழுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்கும் பகுதிக்கு வேகம் எதற்கு? ஒவ்வொரு கம்பியும் 0 இலிருந்து 1 இற்கு மாறும்போது மின்சக்தியை உண்கின்றது. சிறிய பற்றரியில் ஆண்டுக் கணக்காக ஓட வேண்டிய கருவியில் தேவையற்ற இடத்து வேகம் வீண் செலவேயாகும்.

ஆனால் வேகமான வழியும் மெதுவான வழியும் சந்திக்கும் பாலத்தில்தான் கண்ணுக்குப் புலப்படாத விபத்துகள் நிகழ்கின்றன. முறைவழியாக்கி எழுதும் செய்தியைத் தாங்கியொன்றில் பெற்றுக்கொண்டு, அது போய்ச் சேரும் முன்னரே முறைவழியாக்கியை விடுவித்துவிடும் ஏற்பாடு பல சில்லுகளில் உண்டு. கடிதம் தபாற்பெட்டியில் விழுந்துவிட்டது. உரியவரின் கையில் இன்னும் கிடைக்கவில்லை. இதன் விளைவினைக் காண்போம். கடிகாரக் கருவியொன்று குறுக்கீடு ஒன்றை எழுப்பி முறைவழியாக்கியை அழைக்கின்றது. முறைவழியாக்கி தன் வேலையை விட்டு வந்து, வேண்டியதைச் செய்து, கடைசிக் கட்டளையாக 'அழைப்பை நிறுத்து' என்று கடிகாரத்துக்கு எழுதிவிட்டுத் திரும்புகின்றது. அச்செய்தி பாலத்தைக் கடப்பதற்குள் முறைவழியாக்கி திரும்பிவிட்டதனால் அழைப்புக் கம்பி இன்னும் உயர்ந்தே இருக்கின்றது. அதனைப் புதிய அழைப்பு என எண்ணி அது மீண்டும் ஓடிவருகின்றது. ஒரு முறை எண்ண வேண்டியது இரு முறை எண்ணப்படுகின்றது.

நிகழ்ச்சிநிரலை வரிக்கு வரி படித்தாலும் இதில் பிழை தென்படாது. ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திச் சோதித்தாலும் பிழை மறைந்துவிடும். நிறுத்தும் இடைவெளியில் செய்தி பாலத்தைக் கடந்துவிடுகின்றதல்லவா! நுண்கட்டுப்படுத்தித் துறைக்குப் புதிதாக வருவோர் நித்திரை இழக்கும் பிழைகளில் இதுவும் ஒன்று. பரிகாரம் எளிது. நிறுத்தும் செய்தியைக் கடைசியில் எழுதாமல் முதலிலேயே எழுதிவிடலாம். அல்லது எழுதிய இடத்தையே உடனே ஒரு தடவை படித்துப் பார்க்கலாம். படிப்பதற்கு விடை வந்தாக வேண்டும் என்பதனால் முன்னர் எழுதியது சென்றடையும் வரை முறைவழியாக்கி தானாகவே நின்றுவிடும். பரிகாரம் இவ்வளவு சிறியதாயினும் பாட்டையின் அமைப்பை அறியாதவருக்கு அது தோன்றப் போவதில்லை.

நடுவரின் நியாயம்

இருவர் ஒரே வேளையில் கேட்கும்போது நடுவர் பின்பற்றக்கூடிய முறைகளில் மிக எளியது நிலையான முன்னுரிமை. உயர்ந்தவர் கேட்டால் தாழ்ந்தவர் நிற்க வேண்டும். வீதியில் அம்புலன்ஸுக்கு வழிவிடுவதைப் போன்று இது தோன்றினும், அம்புலன்ஸ் ஓயாது வந்துகொண்டேயிருந்தால் ஏனையோர் வீடு போய்ச் சேரவே முடியாது. மற்றையது வட்டமுறை. எல்லோருக்கும் சுற்றி வரும் ஒழுங்கில் ஒவ்வொரு வாய்ப்பு. மேற்சொன்ன எப் 103 சில்லின் கைநூல் வட்டமுறையையே பின்பற்றுவதாகக் கூறுவதுடன், நேரடி நினைவக அணுகி எவ்வளவு முனைப்பாக இயங்கினாலும் பாட்டையின் கொள்ளளவில் குறைந்தது அரைப்பங்கு முறைவழியாக்கிக்கு உறுதி எனவும் எழுத்தில் தருகின்றது.

எம்மைக் கேட்டால், விளம்பரத்தில் உள்ள மெகா ஹேர்ட்ஸ் எண்ணிலும் பார்க்கப் பெறுமதியானது இந்த ஒரு வாக்கியமே. ஏனெனில் நுண்கட்டுப்படுத்தியிடம் நாம் எதிர்பார்ப்பது சராசரி வேகத்தையன்று. ஆயிரம் தடவை விரைவாக இயங்கி ஆயிரத்தோராவது தடவை தாமதிக்கும் பிரேக் எமக்கு வேண்டாம். மிக மோசமான வேளையில் எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லை பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. அது தெரிந்திருக்க வேண்டும்.

சிறு கணக்கொன்று பார்க்கலாம். மின்மோட்டார் ஒன்றினை ஒரு செக்கனில் 20,000 தடவை சரிப்படுத்த வேண்டியுள்ளது எனக் கொள்வோம். 72 மெகா ஹேர்ட்ஸில் ஒவ்வொரு தடவைக்கும் 3,600 துடிப்புகள் கிடைக்கின்றன. கோர்ட்டெக்ஸ் எம் 3 முறைவழியாக்கி, நினைவகம் காக்க வைக்காத நிலையில், குறுக்கீடொன்றுக்கு 12 துடிப்புகளில் செவிசாய்க்கும். இவ்வேளையில் இன்னொரு கோருவோர் இடைவிடாத 16 கைமாற்றங்களைத் தொடங்கியிருந்து, ஒவ்வொன்றும் இரண்டு துடிப்புகள் காக்க வைக்கும் நினைவகத்துக்கு உரியதாக இருப்பின், 48 துடிப்புகள் போய்விடும். 12 என்று நம்பியிருந்தது 60 ஆகின்றது. 3,600 உடன் ஒப்பிட்டால் இது அற்பமே. ஆனால் ஒரு தடவை 12, அடுத்த தடவை 60, பிறகு 25 என்று இத்தாமதம் ஆடிக்கொண்டேயிருக்குமாயின் மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்கும் கணமும் ஆடும். அளவீடும் அதனோடு சேர்ந்து பிழைக்கும். அத்தகைய அளவீட்டை மென்பொருளின் பொறுப்பில் விடாமல் கடிகாரக் கருவியே நேரடியாகத் தொடக்கிவைக்கும் ஏற்பாடு பல சில்லுகளில் இருப்பதன் காரணம் இதுவே.

நான்கு வரிசைகள், பல சாளரங்கள்

வழியொன்றாக இருப்பதனால்தானே இத்தனை இழுபறி. வழிகளைப் பலவாக்கினால் என்ன? இந்த எண்ணத்தின் விளைவே பாட்டை அணி எனப்படும் அமைப்பு. ஒவ்வொரு கோருவோரிடமிருந்தும் ஒவ்வொரு வழங்குவோருக்கும் தனி வழி. நடுவரும் ஒவ்வொரு வழங்குவோரின் வாசலிலும் தனித்தனியே. இருவர் வெவ்வேறு வாசல்களுக்குச் செல்வாராயின் ஒருவரையொருவர் அறியவே தேவையில்லை.

இதற்கு அழகிய உதாரணம் 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி. 2040 எனும் சில்லாகும். இதனைக் கொண்ட 'பிக்கோ' பலகை அப்போது 4 டொலருக்கு அறிமுகமாகியது. இரண்டு முறைவழியாக்கிகளும், நேரடி நினைவக அணுகியின் படிக்கும் கையும் எழுதும் கையுமாகக் கோருவோர் நால்வர். எதிர்ப்பக்கத்தில் பத்து வாசல்கள். ஒரே துடிப்பில் நான்கு கைமாற்றங்கள் நிகழலாம். ஆனால் நால்வரும் ஒரே நினைவகத்தைத் தேடிவந்தால் நான்கு வழிகளால் பயனில்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் 264 கிலோபைட் நினைவகத்தை ஆறு அறைகளாகப் பிரித்தனர். 64 கிலோபைட் கொண்டவை நான்கு. 4 கிலோபைட் கொண்டவை இரண்டு. பெரிய அறைகள் நான்கிலும் முகவரிகள் சீட்டுக்கட்டுப் பகிர்வது போலப் பகிரப்படுகின்றன. முதலாவது சொல் முதலாம் அறையில், இரண்டாவது இரண்டாம் அறையில், ஐந்தாவது மீண்டும் முதலாம் அறையில். இதனால் நிகழ்ச்சிநிரல் எழுதுபவர் எதனையும் சிந்திக்காமலேயே நெரிசல் தானாகப் பரவிவிடுகின்றது.

கோருவோரில் எவருக்கேனும் உயர் முன்னுரிமை வேண்டுமாயின் அதற்கென ஒரு பதிவகம் உண்டு. உயர்ந்தோர், ஏனையோர் என இரண்டே நிலைகள். ஒரே நிலையில் உள்ளோரிடையே வட்டமுறை. உள்ளீடு வெளியீட்டுக் கால்களை ஆட்டும் பகுதியோ பொதுப்பாட்டைக்குள் நுழையாமல் முறைவழியாக்கிகளோடு நேரே தொடுக்கப்பட்டு ஒரே துடிப்பில் விடையளிக்கின்றது. எதற்கு நெரிசலே ஆகாதோ அதனைப் பாட்டையிலிருந்தே விலக்கி வைத்தல் எனும் இம்முடிவு எம்மை மிகவும் கவர்ந்ததாகும்.

இதற்கும் விலை உண்டு. நான்கு பேருக்கும் பத்து வாசல்களுக்கும் நாற்பது சந்திப்புகள். கோருவோரை இரட்டித்தால் சந்திப்புகளும் இரட்டிக்கும். அவை சிலிக்கனில் இடம்பிடிக்கும், கம்பிகள் நீளும், நீளும் கம்பி வேகத்தைக் குறைக்கும். தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு அணி எதுவும் தேவையில்லை. ஒற்றைப் பாட்டையே அதற்குத் தாராளம். பெரியதைத் தெரிவு செய்பவர் திறமைசாலி என்றொரு மயக்கம் இளம் பொறியியலாளரிடையே காணப்படுகின்றது. பற்றரி தீரும்போது அது தெளியும்.

வழியில் காவல் உண்டா?

பாட்டை வேகத்தின் பிரச்சினை மட்டுமன்று, பாதுகாப்பின் பிரச்சினையும் ஆகும். மேலே கண்டபடி வழங்குவோர் ஆயத்தக் கம்பியை உயர்த்தும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அது உயரவே இல்லையெனில்? 16 துடிப்புகளுக்கு மேல் காக்க வைக்க வேண்டாம் என ஏ.எச்.பி. வரையறை ஆலோசனை கூறுகின்றது, கட்டாயப்படுத்தவில்லை. துடிப்பு வழங்கப்படாது உறங்கும் துணைக் கருவியொன்றின் கதவைத் தட்டி முழுச் சில்லுமே உறைந்துபோகும் நிலை சில சில்லுகளில் ஏற்படுவதுண்டு. தனக்கென வேறு கடிகாரம் கொண்ட கண்காணிப்புக் கருவி ஒன்று அப்போது சில்லைத் தட்டியெழுப்பி மீள ஆரம்பிக்கச் செய்யும். மருந்து செலுத்தும் பம்பியில் அது இல்லாதிருப்பதை எவரும் அனுமதிக்கலாகாது. எவருக்கும் உரித்தில்லாத முகவரியைக் கேட்டாலும் பதில் வர வேண்டும் என்பதற்காகவே, 'இங்கு எவருமில்லை' எனப் பிழைச் செய்தி அனுப்பும் வாயிற்காவலர் ஒருவரும் பாட்டையில் அமர்த்தப்படுகின்றார்.

இன்னுமொன்றையும் கூற வேண்டும். நினைவகத்தின் எப்பகுதியை எந்த நிகழ்ச்சிநிரல் தொடலாம் எனக் காக்கும் அலகு பல நுண்கட்டுப்படுத்திகளில் முறைவழியாக்கியின் உள்ளேயே இருக்கின்றது. நேரடி நினைவக அணுகி அவ்வழியாகச் செல்வதில்லை. முன்வாசலில் காவலாளி விழித்திருக்கக் கொல்லைப்புறம் திறந்து கிடக்கின்றது. தீய நோக்குடைய நிகழ்ச்சிநிரல் தானே இரகசியத் திறவுச்சொல்லைப் படிக்க முடியாவிடினும் அதனை எடுத்துவரும்படி கூலியாளை ஏவலாம். 2015இல் வந்த ஏ.எச்.பி. 5 வரையறையில் ஒவ்வொரு கோரிக்கையோடும் அது பாதுகாப்பான தரப்பிலிருந்து வருகின்றதா இல்லையா எனக் குறிக்கும் கம்பியொன்று சேர்க்கப்பட்டது. காவல் முறைவழியாக்கியிலிருந்து பாட்டைக்கு இறங்கி வந்தது எனலாம். இணையத்தோடு தொடுக்கப்படும் மின்மானிகளையும் கதவுப் பூட்டுகளையும் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி இதில் அடங்கியுள்ளது.

சில்லு வார்க்கும் ஆலை எமது நாட்டில் இல்லை. அதற்காக இத்துறை எமக்கு அந்நியமாகிவிடாது. இறக்குமதியாகும் கருவிகளைத் தெரிவு செய்வதும், திருத்துவதும், நுண்கட்டுப்படுத்தியை வைத்துப் புதியன செய்வதும் இங்கேயே நடைபெறுகின்றன. அம்பாவைத் தவிர, 2002இல் பொதுச் சொத்தாக்கப்பட்ட 'விஷ்போன்' வரையறையும் உண்டு. 2010இல் அமெரிக்காவின் பேர்க்லியில் தொடங்கிய ரிஸ்க் ஐந்து முறைவழியாக்கியையொட்டி வளர்ந்த 'டைல் லிங்க்' வரையறையும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடியதாகவே உள்ளது. வயல் நிலையில் திரும்பத் திரும்ப மாற்றியமைக்கக்கூடிய சில்லுப் பலகையொன்று கையிலிருந்தால் மாணவரொருவர் தமது சொந்தப் பாட்டையையும் நடுவரையும் வீட்டு மேசையிலேயே இயக்கிப் பார்க்கலாம்.

அதற்கும் வசதியில்லாதோர் மேற்கூறிய பிக்கோ பலகையோடு தொடங்கலாம். அதன் பாட்டை அணியில் நான்கு எண்ணிகள் உள்ளன. குறிப்பிட்ட வாசலொன்றுக்கு எத்தனை தடவை கோரிக்கை வந்தது, அவற்றுள் எத்தனை தடவை ஒருவர் மற்றவருக்காகக் காத்து நின்றார் என்பதை அவை எண்ணித் தரும். நேரடி நினைவக அணுகியைக் கொண்டு பெரிய அறைகளில் இடைவிடாது தரவை நகர்த்திக்கொண்டே முறைவழியாக்கியையும் அதே அறைகளில் வேலை செய்ய விடுங்கள். இரண்டாவது எண்ணி ஏறத் தொடங்கும். பின்னர் முறைவழியாக்கி அடிக்கடி தொடும் தரவை 4 கிலோபைட் அறைகளில் ஒன்றுக்கு மாற்றிவிட்டு மீண்டும் ஓட விடுங்கள். நிகழ்ச்சிநிரலின் ஒரு வரியேனும் மாறவில்லை. துடிப்பின் வேகமும் மாறவில்லை. காத்திருந்தோரின் எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும்.